மல்லிகையும் மாவட்டக் கோட்டாவும்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மேற்கோளுக்கும் சாதனைக்கும் பொருள் தருவது சூழலே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் சற்று முன் என்ன சொன்னார்? "நல்ல வரிக்கு முன்னும் பின்னும் தேவையில்லை. 'வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ' போதும், மல்லிகையின் பெருமை விளங்கிவிடும்" என்றார். கைதட்டினீர்கள். ஐயா, அதைப் பாடியவர் விபுலானந்த அடிகள். 1929இல் இந்த மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். அவர் நடந்த மண்ணில் நின்று அவர் பாட்டைப் பாதியில் வெட்டலாமா? மிச்சத்தையும் சொல்லுங்கள்! 'வெள்ளைநிறப் பூவுமல்ல வேறெந்த மலருமல்ல, உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது.' மல்லிகையே வேண்டாம் என்கிற பாட்டு ஐயா இது! நீங்கள் சொன்னது கேள்வி. அடிகளின் பதில் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதை விடுவோம். இன்னொன்றைத்தான் விட முடியவில்லை. "மாவட்டக் கோட்டாவில் கம்பஸ் போனதெல்லாம் சாதனையா?" என்று கேட்டார். சிலர் சிரித்தீர்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. பெரும்பாலான பல்கலைக்கழகப் பீடங்களில் நூற்றுக்கு 40 இடம் தீவளாவிய திறமைக்கு, 55 இடம் மாவட்ட வாரியாக, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கணக்கு ஏன் வந்தது தெரியுமா? வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. இரசாயனவியல் பரீட்சைக்கு முதல் நாள் இரவு வளவுக்குள் யானை. தகப்பன் யானை வெடியோடு முன்னால் ஓடுகிறார். தாய் சின்னதுகளை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கல்வீட்டுக்கு ஓடுகிறா. இவள் என்ன எடுத்தாள்? உடுப்பா? இல்லை. பெட்டியில் இருந்த தோடா? இல்லை. கொப்பிகள் இருந்த பை! யானை வேலியைப் பிடுங்குகிறது, பிள்ளை பையைத் தூக்குகிறாள்! அந்தக் கல்வீட்டு விறாந்தையில் விடியும்வரை டோர்ச் வெளிச்சத்தில் படித்தாள். காலையில் அம்பிளாந்துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று, வாவி கடந்து, குருக்கள்மடத்தில் இறங்கி, பரீட்சை மண்டபத்துக்கு ஓடினாள். கையில் அதே பை.

கொழும்பில் குளிரூட்டிய வகுப்பில் படித்த பிள்ளையும் கெட்டிக்காரிதான். யார் மறுத்தது? ஆனால் இரண்டு பெறுபேற்றுத் தாளையும் பக்கத்தில் வைத்து, இந்தப் பையை மறைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கம்பஸ் கடிதம் வந்த அன்று தாய் கேட்டது ஒன்றே ஒன்று: "புள்ள, அங்க யானை வராதுதானே? இரவைக்கு நிம்மதியாப் படுப்பாய்தானே?" அந்தத் தாய் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறா. நண்பரே, மேடையை விட்டு இறங்கி அவவின் கையைப் பிடித்து, "உங்கட மகள் போனது கோட்டாவிலதானே" என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. நீங்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பை அவவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.