கிட்னிக்கு மேலே ஒரு சுரப்பி

[காட்சி: எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு பைக்.]

திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுப் பக்கம் வந்துகொண்டிருக்கிறீர்கள். முன்னால் போகிற லாரி சடாரென்று பிரேக் போடுகிறது. நீங்களும் எப்படியோ நிறுத்திவிட்டீர்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, ஹேண்டில்பாரில் கை நடுங்குகிறது.

ரத்தத்தில் அட்ரினலின் கலந்துவிட்டது. அனுப்பியது அட்ரினல் சுரப்பி. சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்று இருக்கும். எடை 4, 5 கிராம்தான்.

[காட்சி: சுரப்பியின் குறுக்குவெட்டு. உள்பகுதி சிவப்பு, வெளிப்பகுதி மஞ்சள்.]

அட்ரினலினைச் சுரப்பது உள்பகுதி. அதற்கு நரம்பு நேராகவே வருகிறது. அதனால்தான் நொடியில் வேலை நடக்கிறது. மஞ்சளாகத் தெரியும் வெளிப்பகுதி நிதானமானது. கொலஸ்டிராலிலிருந்து (ஆமாம், எல்லோரும் திட்டுகிற அதே கொலஸ்டிரால்தான்) ஹார்மோன் செய்கிறது. ஆல்டோஸ்டிரோன், உடம்பில் உப்பைத் தக்கவைத்து ரத்த அழுத்தத்தைத் தாங்கும். ஆண் ஹார்மோனும் கொஞ்சம் சுரக்கும், பெண்களுக்கும்தான். அப்புறம் கார்டிசால், வீக்கத்தை அடக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், காய்ச்சல் மாதிரி நெருக்கடியில் உடம்பைத் தாங்கும். நம் ஏரியாவில் அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் கார்டிசால் சுரக்கும். ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் பிட்யூட்டரி அடங்கிவிடும்.

[காட்சி: மருந்துக்கடை. அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கும் கை.]

தண்டையார்பேட்டையில் ஒரு ஆயாவுக்கு மூட்டுவலி என்று வையுங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு, சீட்டு இல்லாமலே ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறார். வலி பறந்துவிட்டது. மாதக்கணக்கில் போடுகிறார். முகம் உப்புகிறது. “உடம்பு தேறிடுச்சே ஆயா” என்கிறார்கள் தெருவில். அது தேறியது இல்லை. அந்த மாத்திரை ஸ்டீராய்டு, கார்டிசால் செய்கிற வேலையையே செய்வது. சர்க்கரையும் கூடவே ஏறியிருக்கும்.

வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது பிட்யூட்டரி ஏன் ஏசிடிஎச் அனுப்பப் போகிறது? கேட்க ஆளில்லாமல் சுரப்பியின் வெளிப்பகுதி சுருங்கிப்போகும். இந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்டிசாலே இருக்காது. காய்ச்சலும் சேர்ந்தால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு. உயிருக்கே ஆபத்து.

பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சுரப்பி பழையபடி வேலை செய்யச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மயங்கிவிட்டால் ஸ்டான்லியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, உடனே கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள். மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் எடுத்துப்போங்கள். அதைப் பார்த்துத்தான் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் சீக்கிரம் ஏறும்.