பொதுவெளிச் சிற்பத்துக்குப் பெருமை சேர்ப்பது கலவையே!

நடுவர் அவர்களே, அவையில் நிறைந்திருக்கும் கலை அன்பர்களே, வணக்கம்.

பொதுவெளிச் சிற்பத்துக்குப் பெருமை சேர்ப்பது ஒற்றைப் பொருளா, பல பொருள்களின் கலவையா? கலவையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கல்லையும் வெண்கலத்தையும் விட்டால் கம்பீரம் ஏது என்று கேட்டார். துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் அது வெறும் அலங்காரம் என்றார். ஐயா, உங்களை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அழைத்துப் போகிறேன்.

1841-இல் நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காக அங்கே ஒரு பீடம் கட்டினார்கள். பணம் திரளவில்லை, சிலை வரவே இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த அந்தப் பீடத்தின்மேல், 2010-இல் யின்கா ஷோனிபாரே என்ற கலைஞர் ஒரு ராட்சத பாட்டிலை வைத்தார். உள்ளே கப்பல்! 1805 டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்ட ‘விக்டரி’ போர்க்கப்பலை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவம். எஃகு, பித்தளை, மரம், பிசின், கண்ணாடி இழை, பருத்தித் துணி என்று எத்தனை பொருள்கள்!

அந்தக் கப்பலின் பாய்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முப்பத்தேழு பாய்கள். ஒன்றுகூட வெறும் வெள்ளைத் துணி இல்லை. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அச்சிட்ட கோலங்கள். மெழுகு தடவிச் சாயமேற்றும் இந்தோனேசியாவின் பாத்திக் வேலைப்பாட்டைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலைகளில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற துணிவகை அது. விற்றவன் யாரென்பது பின்னுக்குப் போய், ஆப்பிரிக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. லண்டனில் பிறந்து நைஜீரியாவின் லாகோஸில் வளர்ந்தவர் ஷோனிபாரே. நெல்சன் வென்று கொடுத்த கடல்மேல் எந்தெந்த நாட்டுச் சரக்கும் மனிதரும் பயணப்பட்டார்கள் என்பதை அந்தப் பாய்களே சொல்லிவிடுகின்றன. இதையே வெண்கலத்தில் வார்த்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கப்பல், அவ்வளவுதான்! துணி துணியாக இருந்ததால்தான் அங்கே வரலாறு பேசியது.

‘மழைக்கும் வெயிலுக்கும் துணி தாங்குமா’ என்று கேட்டீர்கள். அதற்குத்தானே பாட்டில்! ஒரு பொருளின் பலவீனத்தை இன்னொரு பொருள் காக்கிறது. பொதுமக்களே நன்கொடை திரட்ட, 2012-இல் அந்தக் கப்பல் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் வெளிப்புறத்தில் நிரந்தர இடம் பிடித்தது.

உலோகங்கள் கலந்தால் அரிக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்கு அதுதான் நேர்ந்தது. வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவே வைத்த கல்நார் நைந்து, ஈரம் புகுந்து, இரும்பு அரித்துப்போனது. 1986-இல் நூற்றாண்டு வருவதற்குள் அந்த இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தி, நடுவே டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கை வைத்தார்கள். கலவையைக் கைவிடவில்லை, நடுவர் அவர்களே. இன்னும் நன்றாகக் கலந்தார்கள்! அந்தச் சட்டம் இல்லையென்றால், 2.4 மில்லிமீட்டர் செம்புத் தகடு துறைமுகக் காற்றில் ஒருநாள் நிற்குமா?

எதிரணித் தலைவர் கம்பீரத்துக்கு அதே டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நெல்சன் தூணையே எடுத்துக்காட்டினார். அந்தத் தூண் கருங்கல். மேலே நிற்கும் நெல்சன் மணற்கல். தூணின் உச்சியில் இலை விரித்திருக்கும் பகுதி, பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம். அடியில் நாற்புறமும் உள்ள புடைப்புச் சிற்பங்கள், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலம். தோற்றவனின் ஆயுதமே வென்றவனின் கதையைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பொருளைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அந்த வெண்கலத்தைப் பெயர்த்துவிட்டு, அது செய்கிற வேலையைக் கல்லை மட்டும் கொண்டு எப்படிச் செய்வது என்று அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும். வணக்கம்.