இருபது வருசத்துக்குப் பிறகு திருகோணமலை: அப்பா சொல்லிவிட்ட மூண்டு இடம்

வணக்கம் உறவுகளே. உப்புவெளிக் கரையில நிக்கிறன், காலமை ஆறு மணி. கச்சான் காத்து நல்லா அடிக்குது, மைக்கைக் கையால பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் கதைக்கிறன்.

இந்த வீடியோ முதல்ல எங்கட அப்பாவுக்கு. முழங்கால் ஏலாமல் யாழ்ப்பாணம் கொக்குவில்ல இருக்கிறார், இவ்வளவு தூரம் பஸ்ஸில வரேலாது. நான் வெளிக்கிடேக்க மூண்டு இடம் சொல்லிவிட்டவர்: கோட்டை வாசல், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கரையில நிண்டு இழுக்கிற கரைவலை. "மூண்டையும் எடுத்துக்கொண்டு வா" எண்டவர்.

சண்டையால பூட்டிக் கிடந்த ஏ9 பாதை 2002 இல திறந்த பிறகுதான் நாங்கள் முதல் முதல் இஞ்ச வந்தனாங்கள். எனக்கு எட்டு வயசு. முகமாலைச் சோதனைச் சாவடியில இறங்கி, ஓமந்தைச் சாவடியில இறங்கி, பையெல்லாம் அவிட்டுக் காட்டித் திரும்பக் கட்டி, மாமா வீட்டுக்கு வந்து சேர இருட்டிப்போச்சு. அதுவரைக்கும் எனக்குக் கடல் எண்டா யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல்தான். முழங்காலளவு தண்ணி, அலை கிடையாது. அடுத்த நாள் இந்தக் கரையில அலையைக் கண்டு அப்பான்ர சாரத்தை இறுக்கிப் பிடிச்சது இப்பவும் கைக்குத் தெரியுது.

பிறகு ஒவ்வொரு ஓகஸ்ட் லீவுக்கும் வந்தம். 2004 தான் கடைசி. அந்த வருசம் டிசம்பர் 26, சுனாமியில மாமா வீட்டு மதிலும் குசினியும் போட்டுது. வீட்டு ஆக்கள் தப்பிட்டினம். பக்கத்து வீட்டில தப்பேல்லை. 2006 இல பாதையும் திரும்பப் பூட்டுப்பட்டுது, மாமாவையளும் வெளிநாடு போயிட்டினம்.

நேற்றுப் பின்னேரம் எடுத்தது இது, கோட்டை வாசல். கோணேசர் கோயிலுக்குப் போற எல்லாரும் இதாலதான் போகவேணும், ஆனா நிண்டு பாக்கிறவை குறைவு. கிட்டக் காட்டுறன், பாருங்கோ. கல்லில செதுக்கின மீன், பாண்டியற்ர சின்னம். இஞ்சால எழுத்து: குளக்கோட்டன் எண்ட அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் எண்டு சொல்லுற வரி. 1622 இல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லுகளைக் கொண்டுதான் கோட்டை கட்டினவை. அப்பா என்னைத் தூக்கிப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்தா விரலால தடவ வச்சவர். "கோயில் மேலயும் இருக்கு, இந்தச் சுவருக்குள்ளயும் இருக்கு" எண்டவர். இப்ப எழுத்து இன்னும் தேஞ்சு கிடக்கு. விரலால தேடித்தான் பிடிச்சன். அப்பா, மீன் அப்பிடியே இருக்கு. உள்ளுக்க மானுகளும் நிக்குது.

கன்னியாவில நல்ல சனம், கனக்க எடுக்கேலாமல் போச்சு. ஏழு கிணறும் இருக்கு. ஒண்டின்ர சூடு மற்றதுக்கு இல்லை.

இப்ப கரைவலை. அந்தா, தோணி வலையை வளைச்சு விட்டிட்டுது. ரெண்டு பக்கமும் கயிறு, பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். முன்னுக்கு நிக்கிறவர் இடுப்பளவு தண்ணியில கயிற்றைப் பிடிச்சு, இழுத்து இழுத்து மேல வருவார். கடைசிக்கு வந்தோடன கையை விட்டிட்டுத் திரும்பக் கடலுக்கு நடப்பார். மணல் காலை விழுங்கும், குதியை ஊண்டித்தான் இழுக்கவேணும். சின்னனில எங்களுக்கும் கயிற்றில இடம் தருவினம். முடிய ஆளுக்கொரு கை சூடை மீன், சொப்பின் பையில. அதை மாமி பொரிச்சுப் பாணோட தந்த ருசியை நான் பிறகு ஒரு இடத்திலயும் காணேல்லை.

மீன் சேருற வலைப் பை, அதுதான் மடி, கரைக்கு வரேக்க ஒரு சத்தம் கேக்கும். தகரத்தில மழை விழுற மாதிரி, அவ்வளவு சூடையும் ஒண்டாத் துடிக்கிற சத்தம். அப்பா கேட்டது அதைத்தான். "வடிவாக் கேக்கிற மாதிரி எடு" எண்டவர்.

இன்னும் மடி வரேல்லை... ஓம் ஐயா, வாறன். இந்தப் பக்கம் ஆள் காணாதாம், கூப்பிடுறார். அப்பா, போனை இந்தத் தோணியில சாத்தி வைக்கிறன். நான் கயிற்றைப் பிடிக்கப் போறன், நீங்கள் சத்தத்தைக் கேளுங்கோ.