சட்டப் புத்தகத்தில் இல்லாத சம்பளம்

வணக்கம் நேயர்களே.

சுவீடன் என்றதும் நமக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் இருக்கும் என்று. ஆனால் அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கு மணிக்கு இவ்வளவு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் குறைந்தபட்ச ஊதியம் பற்றிப் பொது விதி கொண்டுவந்தபோது எதிர்த்து வாக்களித்தவை டென்மார்க்கும் சுவீடனும்தான். இதில் வேடிக்கை, சுவீடனின் தொழிற்சங்கங்களும் அதை எதிர்த்தன.

ஏன்? அங்கே சம்பளத்தை முடிவு செய்வது சங்கமும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம். ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஊழியர்கள் அதற்குள் வருகிறார்கள். அரசாங்கம் இதில் கைவைக்க வேண்டாம் என்பதில் இரு தரப்பும் ஒரே குரல்.

இந்த ஒற்றுமை சும்மா வந்ததில்லை. 1931-இல் ஓதாலன் பகுதியில் வேலைநிறுத்தக்காரர்களின் ஊர்வலத்தின் மீது ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 1938 டிசம்பரில், ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் சால்ட்ஷோபாடன் என்ற கடலோர ஊரின் ஓட்டலில் தொழிலாளர் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் கையெழுத்துப் போட்டன. எப்படிப் பேசுவது, எதற்குச் சண்டை போடலாம், எதற்குக் கூடாது என்று தாங்களே விதி எழுதிக்கொண்டன. விட்டால் அரசு சட்டம் போட்டுவிடுமே என்ற பயமும் ஒரு காரணம்.

அப்புறம் வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1951-இல் யோஸ்டா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் என்ற இரண்டு தொழிற்சங்கப் பொருளாதார அறிஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஒரே வேலைக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே சம்பளம். கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறதா? அதற்காகச் சம்பளத்தைக் குறைக்காதே. கட்டுப்படியாகாவிட்டால் மூடட்டும். வேலை போனவருக்கு அரசு பயிற்சி கொடுத்து, நன்றாக ஓடும் இன்னொரு கம்பெனிக்கு அனுப்பட்டும். தொழிற்சங்கமே நலிந்த ஆலையை மூடச் சொல்வதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஆளை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அல்ல.

அதனால் உலகச் சந்தையின் போட்டி சுவீடனைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. வால்வோவும் எரிக்சனும் வெளிநாட்டில் விற்றுத்தானே வளர்ந்தன? சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்கிறவர் உள்ளே வந்தால் என்ன செய்வது?

2004-இல் லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு லாவால் என்ற லாட்விய நிறுவனம் சுவீடனின் வாக்ஸ்ஹோம் ஊரில் ஒரு பள்ளிக் கட்டட வேலையை எடுத்து, தன் நாட்டு ஆட்களைக் கொண்டுவந்தது. சுவீடன் சங்கத்தோடு ஒப்பந்தம் போட மறுத்தது. கட்டடத் தொழிலாளர் சங்கம் வேலையிடத்தை மறித்தது; மின்பணியாளர்களும் கைகொடுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 டிசம்பரில் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. எல்லை தாண்டிச் சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு அந்த மறியல் தடை என்றார்கள். பிறகு சங்கங்கள் நஷ்டஈடும் கட்ட வேண்டியிருந்தது. லாட்வியத் தொழிலாளிக்கும் பிழைப்பு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. சங்கம் கேட்டது அவருக்கும் அதே கூலியைத்தான்; ஆனால் அந்தக் கூலியில் அவரை அழைத்துவர எந்த நிறுவனத்துக்கும் அவசியம் இருந்திருக்காது என்பதும் உண்மை.

அதே 2007-இல் உள்ளுக்குள்ளேயும் ஓர் அடி. அங்கே வேலையில்லாதோர் காப்பீட்டு நிதிகளைப் பெரும்பாலும் சங்கங்களோடு சேர்ந்தே நடத்துகிறார்கள். அந்த நிதிக்கான கட்டணத்தை ரெயின்ஃபெல்ட் தலைமையிலான வலதுசாரிக் கூட்டணி அரசு உயர்த்தியது. நிதியை விட்ட பலர் சங்கத்தையும் விட்டார்கள். 2006-இல் 77 சதவீதமாக இருந்த சங்க உறுப்பினர் விகிதம் இரண்டே ஆண்டில் 71 ஆனது. சட்டத்தை நம்பாமல் ஆள்பலத்தை நம்பும் ஏற்பாட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டெஸ்லா மறுத்ததால், 2023 அக்டோபர் 27 அன்று சுவீடனில் உள்ள அதன் பழுதுபார்க்கும் பட்டறைகளில் உலோகத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பந்தப்பட்ட மெக்கானிக்குகள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மாட்டோம் என்றார்கள். தபால்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. டென்மார்க், நார்வே, பின்லாந்து சங்கங்களும் சேர்ந்துகொண்டன. எலான் மஸ்க் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்.

1995-இல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடையும் இப்படித்தான் முரண்டு பிடித்தது. மூன்று மாதத்தில் கையெழுத்துப் போட்டது. டெஸ்லா வேலைநிறுத்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பட்டறைகள் திறந்தே இருக்கின்றன. வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்குச் சங்கம் மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.