கேஸ் என்று விட்டுவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வயிறு உப்பினால் நம் வீடுகளில் ஓமத் தண்ணீர் வைப்போம், இஞ்சி தட்டிப் போடுவோம், மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்குவோம். பெரும்பாலும் அதிலேயே சரியாகியும் விடும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு, இதுவரை இல்லாத உப்புசம் புதிதாக வந்து வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், தயவுசெய்து கேஸ் என்று விட்டுவிடாதீர்கள். சினைப்பைப் புற்றுநோய் பல பேருக்கு இப்படித்தான் தலைகாட்டுகிறது.

சினைப்பை அடிவயிற்றின் உள்ளே, குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் பக்கத்து உறுப்புகள்தான் முதலில் தொந்தரவு தரும். பசியோடு உட்கார்ந்தாலும் இரண்டாவது இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வரும். அடிவயிற்றில் வலியோ கனமோ இருக்கும். வயிற்றில் நீர் சேர ஆரம்பித்தால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம்: தோள், கை மெலிந்து ரவிக்கை தொளதொளவென்று இருக்கும், பாவாடை நாடா மட்டும் இறுக்கும். அதைப் பார்த்து ‘சதை போட்டுவிட்டாய்’ என்று சொல்பவர்களும் உண்டு.

இந்தத் தொந்தரவுகள் எல்லாருக்கும் எப்போதாவது வருபவைதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எத்தனை நாள் வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 2011-இல் வந்த மருத்துவ வழிகாட்டி, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால் பரிசோதிக்கச் சொல்கிறது. தினசரிக் காலண்டரில் அந்தந்த நாளில் ஒரு கோடு போடுங்கள். மருத்துவரிடம் ‘கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது’ என்று சொல்வதைவிட, அந்தத் தாள்களைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

அவர் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதுவார். ரத்தத்தில் அந்த அளவு 35-க்கு மேல் இருந்தாலே புற்றுநோய் என்று பயந்துவிடாதீர்கள். கருப்பையில் வரும் நார்த்திசுக் கட்டி, கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், நம் ஊரில் வயிற்றுக் காசநோய்கூட அதை ஏற்றும். அதேபோல ஆரம்ப நிலையில் அது ஏறாமலும் இருக்கலாம். அதனால் எண் சரியாக இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி போங்கள், ஸ்கேன் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. ‘போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்கள்’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தொந்தரவே இல்லாத பெண்களுக்கு முன்கூட்டியே செய்து பார்க்க நம்பகமான பரிசோதனை இன்னும் வரவில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு 2021-இல் முடிவைச் சொன்னது: அப்படிப் பரிசோதித்ததால் இந்த நோயின் இறப்பு குறையவில்லை. அதனால்தான் உடம்பு சொல்வதைக் கேட்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், வயது ஐம்பது ஆகவில்லையென்றாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் இந்தப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்பா வழியிலும் அது வரும்.