மோவாபிட் நீதிமன்றம் வளர்த்த நாவலாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் மொழியில் பத்திரிகையிலிருந்து நாவலுக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி இன்று சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் கேப்ரியேலே டெர்கிட். 1894 மார்ச் 4-ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். 1982 ஜூலையில் லண்டனில் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறிய நாவல்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஜெர்மனி பல பத்தாண்டுகள் மறந்துவிட்டிருந்தது.

பத்திரிகை வேலையை உதறிவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர் என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். டெர்கிட்டை அப்படிச் சொல்ல மாட்டேன். நீதிமன்றத்தில் நிருபர்கள் வரிசையில் உட்கார்ந்து அவர் கற்ற வித்தைதான் அவருடைய நாவல் கலை. நான் இன்று பேசப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இயற்பெயர் எலிஸே ஹிர்ஷ்மன். வசதியான யூதக் குடும்பம். அப்பா கேபிள் தொழிற்சாலை நடத்தியவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், பெண்களுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று வாதாடும் இவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. வயது இருபத்தொன்று. நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயர் செய்தித்தாளில் வருவதா என்று முகம் சுளித்த காலம் அது. அதன் பிறகு அவர் படிப்பில் இறங்கினார். வரலாறும் தத்துவமும் பயின்று, 1848 புரட்சிக்காலத்து அறிவியலாளரும் அரசியல்வாதியுமான கார்ல் ஃபோக்ட் பற்றி ஆய்வு செய்து, 1925-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

படிப்பு முடியும் முன்பே நீதிமன்றம் அவரை இழுத்துக்கொண்டது. பெர்லினில் மோவாபிட் என்றொரு பகுதி. குற்றவியல் நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ‘பெர்லினர் பியோர்ஸன் கூரியர்’ நாளிதழுக்கும், பிறகு தியோடர் வோல்ஃப் ஆசிரியராக இருந்த ‘பெர்லினர் டாகெப்ளாட்’ நாளிதழுக்கும் அங்கிருந்து எழுதினார். 1933 வரை அதுதான் அவருடைய தொழில். நீதிமன்றச் செய்தி என்றாலே ஆண்கள் எழுதுவது என்றிருந்த காலத்தில் அந்த வரிசையில் இடம்பிடித்த வெகுசில பெண்களில் ஒருவர்.

அன்றைய பெர்லினைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் தோற்ற நாடு. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்துக்கு ஒரு ரொட்டி கூட வாங்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரின் நீதிமன்றத்தில் யார் வந்து நிற்பார்கள்? கடன்பட்டவர்கள், ஏமாந்தவர்கள், ஏமாற்றியவர்கள், வாடகை கொடுக்க முடியாதவர்கள், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிக் கைவிட்டவனைத் தேடி வந்த பெண்கள். பெரிய கொலை வழக்கு என்றால் எல்லாப் பத்திரிகைகளும் ஓடிவரும். டெர்கிட் இந்தச் சின்ன வழக்குகளில் போய் உட்கார்ந்தார்.

அவருடைய செய்திக்கட்டுரைகள் மிகச் சிறியவை. வழக்கின் பூர்வோத்திரம் எதுவும் கிடையாது. நேரே காட்சிக்குள் போய்விடுவார். கூண்டில் நிற்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், எப்படிப் பேசுகிறார், நீதிபதி எந்த இடத்தில் பொறுமை இழக்கிறார் என்பதையெல்லாம் இரண்டு மூன்று கோடுகளில் இழுத்துவிடுவார். பெர்லின் தெருப்பேச்சை இலக்கண சுத்தமாக்காமல் அப்படியே எழுதுவார். தீர்ப்பு பல கட்டுரைகளில் கடைசி வரியில்தான் வரும். அதற்குள் அந்த மனிதரை நாம் நேரில் பார்த்துப் பழகிவிட்டிருப்போம்.

கருக்கலைப்பைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 218 பற்றி அவர் விடாமல் எழுதினார். அந்தப் பிரிவில் கூண்டேறியவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். காசுள்ள வீடுகளில் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் காரியம், வேலைக்காரப் பெண்ணுக்குச் சிறைத்தண்டனையாக வந்து நிற்கும். இதைத் தலையங்கம் போல அவர் முழங்கவில்லை. அந்தப் பெண் சொன்ன பதில்களைக் கேட்டபடி எழுதினார், அவ்வளவுதான். படிப்பவர் நெஞ்சு பதறும்.

அரசியல் வழக்குகளும் அவர் கண்முன் வந்தன. வலதுசாரி ரகசியப் படைகள் ‘துரோகி’ என்று முத்திரை குத்திக் கொன்றவர்களின் வழக்குகள் அவை. நீதிமன்றம் அவற்றை எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எமில் யூலியஸ் கும்பெல் என்ற கணித அறிஞர் 1922-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் வலதுசாரிகள் செய்த அரசியல் கொலைகள் 354. இடதுசாரிகள் செய்தவை 22. அந்த 354-இல் 326 கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. குடியரசு வந்த பிறகும் நீதிபதிகள் மன்னர் காலத்து மனிதர்களாகவே இருந்தார்கள். கும்பெல் எண்ணிக் காட்டியதை டெர்கிட் கண்ணால் கண்டு எழுதினார். குற்றவாளிக் கூண்டில் திமிராக நின்ற இளைஞர்களை, அவர்களிடம் நீதிபதி காட்டிய கனிவை, சாட்சி சொல்ல வந்தவரின் நடுக்கத்தையெல்லாம் குறித்துவைத்தார். ஹிட்லரும் அவருடைய கூட்டாளி கோயபல்ஸும் மோவாபிட்டுக்கு வந்தபோதும் அவர் நிருபர்கள் வரிசையில் இருந்தார்.

1931-இல் ரோவோல்ட் பதிப்பகம் அவருடைய முதல் நாவலை வெளியிட்டது. ‘கேஸெபியர் குர்ஃபூர்ஸ்டெண்டாமை வெல்கிறான்’. குர்ஃபூர்ஸ்டெண்டாம் என்பது பெர்லினில் பணக்காரர்கள் உலாவும் அகன்ற கடைவீதி.

கதை ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் தொடங்குகிறது. சொல்லிக்கொள்ளும்படி செய்தி எதுவும் இல்லாத நாட்கள். பக்கத்தை நிரப்பியாக வேண்டும். தொழிலாளர் வட்டாரத்தில் ஒரு மலிவான அரங்கில் கேஸெபியர் என்றொரு பாடகன் பாடுகிறான்; அவனைப் பற்றி ஒரு நிருபர் எழுதுகிறார். அடுத்து ஒரு பிரபல எழுத்தாளர் போய்ப் பார்த்துவிட்டு அதே பத்திரிகையில் புகழ்ந்து தள்ளுகிறார். அவ்வளவுதான், ஊரே திரும்பிவிடுகிறது. கேஸெபியர் இசைத்தட்டு, கேஸெபியர் பொம்மை, கேஸெபியர் சிகரெட், கேஸெபியர் பற்றிய புத்தகம். பெரிய மனிதர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். கடைசியில் அவனுக்கென்றே குர்ஃபூர்ஸ்டெண்டாமில் ஓர் அரங்கம், கூடவே ஆடம்பர அடுக்குமாடிக் கட்டடம்.

இங்கே நாவல் சூடு பிடிக்கிறது. நிலம் யாருடையது, கடன் யார் கொடுப்பது, கட்டட ஒப்பந்தத்தில் யாருக்கு எவ்வளவு, எந்தக் கையெழுத்துக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாகப் பேச்சு. டெர்கிட்டின் கணவர் ஹைன்ஸ் ரைஃபென்பெர்க் கட்டடக் கலைஞர். அந்த உலகம் எழுத்தாளருக்கு வீட்டிலேயே இருந்தது. வங்கிக்காரர், ஒப்பந்தக்காரர், தரகர் ஆகியோர் பேசும் பேச்சில் அவர்கள் யார் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் குறுக்கே வந்து எதையும் விளக்குவதில்லை. நீதிமன்றத்தில் சாட்சியைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அதே நிருபர்தான் இங்கேயும் இருக்கிறார்.

பிறகு எல்லாம் சரிகிறது. கட்டிய வீடுகளுக்கு ஆள் இல்லை. வங்கி நொடிக்கிறது. நம்பிப் பணம் போட்ட நடுத்தரக் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. இன்னொரு பக்கம், செய்தித்தாளுக்குள் ஃப்ரெக்டர் என்ற ஆள் புகுந்து, விற்பனையைக் கூட்டுகிறேன் என்று சொல்லி, பொறுப்பாக எழுதுகிறவர்களை ஓரங்கட்டுகிறான். பழைய தலைமுறைப் பத்திரிகையாளரான மியர்மன் வேலையை இழக்கிறார். அதன் பிறகு அவர் அதிக நாள் உயிரோடில்லை. நாவலில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி பாடகனின் வீழ்ச்சியல்ல, ஒரு பத்திரிகை அலுவலகம் உள்ளிருந்தே கெட்டுப்போகும் இந்தப் பகுதிதான். யாரும் பெரிதாகப் பொய் சொல்வதில்லை. முதல் கட்டுரையை எழுதியவர் உண்மையாகத்தான் எழுதினார். பாடகனுக்கும் ஓரளவு திறமை உண்டு. ஆனாலும் முடிவில் ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, பல குடும்பங்களின் சேமிப்பு எல்லாம் போய்விடுகின்றன. தான் வேலை செய்த தொழிலை அவ்வளவு நேசித்தவரால்தான் அதை இப்படி நேருக்கு நேர் பார்த்து எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

நாவல் வரவேற்புப் பெற்றது. ஆனால் அந்த வெற்றியின் ஆயுள் ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், 1933 பிப்ரவரி 27 இரவு, நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. அடுத்த சில நாட்களில் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் வரிசையாகக் கைதானார்கள். மார்ச் 4-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு டெர்கிட்டின் வீட்டு வாசலுக்கு நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வினர் வந்தார்கள். அன்று அவருடைய முப்பத்தொன்பதாவது பிறந்தநாள். வீட்டில் நான்கு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருக்கிறான். வந்தவர்கள் ‘ஸ்டுர்ம் 33’ என்ற கொலைகாரப் பிரிவைச் சேர்ந்தவர்கள். திறக்காதே என்று கணவர் கத்தினார். அவர் முன்கூட்டியே கதவுக்கு இரும்பு போட்டு வலுப்படுத்தி வைத்திருந்தார். அது தாங்கியது. மறுநாள், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளன்று, டெர்கிட் நாட்டை விட்டு வெளியேறினார்.

முதலில் செக்கோஸ்லோவாக்கியாவின் மலையூர் ஒன்று, பிறகு பிராக், ஆண்டு முடியும்போது பாலஸ்தீனம். 1938-இல் லண்டன். அதன் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். எழுதிப் பிழைத்தவருக்கு அவர் மொழியில் எழுத ஒரு பத்திரிகைகூட இல்லாமல் போனது. அவருடைய ஆசிரியர் தியோடர் வோல்ஃப் பிரான்சில் பிடிபட்டு, காவலில் நோயுற்று, 1943-இல் பெர்லினில் இறந்தார். டாகெப்ளாட்டில் உடன் எழுதிய நண்பரும் வழக்கறிஞருமான ருடால்ஃப் ஓல்டன், 1940 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில் மனைவியோடு இறந்தார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு கையெழுத்துப் பிரதி டெர்கிட்டோடு நாடு நாடாகப் பயணம் செய்தது. பெர்லினிலேயே தொடங்கியிருந்த ‘எஃபிங்கர்ஸ்’ என்ற பெரிய குடும்ப நாவல் அது. முடிக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆனது. 1951-இல் ஹாம்பர்க்கில் வெளிவந்தது.

தென்ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் கடிகாரம் செய்பவர் மகன் பவுல் எஃபிங்கர், 1878-இல், பதினேழு வயதில், வீட்டுக்கு எழுதும் கடிதத்தோடு நாவல் தொடங்குகிறது. தொழில் கற்கும் பையன். உழைப்பில் நம்பிக்கை, வரும் காலத்தில் நம்பிக்கை. அவனும் அண்ணனும் பெர்லினுக்கு வந்து திருகாணி செய்யும் பட்டறை போட்டு, அதை மோட்டார் தொழிற்சாலையாக வளர்க்கிறார்கள். வங்கிக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொள்கிறார்கள். நான்கு தலைமுறை, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அத்தியாயங்கள். விருந்தில் என்ன பரிமாறினார்கள், திரைச்சீலை என்ன துணி, எந்த வருடம் எந்தத் தொப்பி, மகளுக்கு எவ்வளவு சீதனம், இயந்திரம் வாங்க எவ்வளவு கடன் என்று எதையும் விடுவதில்லை. அந்த வீடுகளும் பொருட்களும் மனிதர்களும் இனி இல்லை என்று தெரிந்தே எழுதியவர் அவர். அதனால் அந்த விவரங்களை அலங்காரமாக என்னால் படிக்க முடியவில்லை. சாட்சி வாக்குமூலமாகத்தான் படிக்கிறேன். நாவலின் முடிவுப் பகுதியில் அதே பவுல் இன்னொரு கடிதம் எழுதுகிறார். இப்போது ஆண்டு 1942, வயது எண்பதைத் தாண்டிவிட்டது, நாஜிகள் நாடுகடத்தி அழைத்துப்போகும் நாளுக்காகக் காத்திருக்கிறார். மனிதர்களிடம் நன்மை இருக்கிறது என்று தான் நம்பியது தவறு என்று அந்தக் கிழவர் எழுதுகிறார்.

இதை யூதர்களின் தலைவிதி பற்றிய நாவல் என்று சொல்வதை டெர்கிட் ஏற்கவில்லை. இது பெர்லின் நாவல், இதில் வருபவர்களில் நிறையப் பேர் யூதர்கள் என்பார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த நகரத்தைக் கட்டியவர்களில் ஒரு பகுதியினரை, செத்த விதத்தை மட்டும் வைத்து அடையாளப்படுத்தக்கூடாது என்பது அவர் கட்சி.

1951-ஆம் ஆண்டின் ஜெர்மனி இந்தப் புத்தகத்தைப் படிக்க விரும்பவில்லை. பல பதிப்பாளர்கள் ஏற்கெனவே கைவிரித்திருந்தார்கள். வந்த பிறகும் விற்கவில்லை. 1958-இல் அவர் எழுதிய பூக்களின் வரலாறு பற்றிய நூல் நன்றாக விற்றது! எழுதிய கை ஒன்றுதான்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1957 முதல் 1981 வரை, ‘பென்’ என்ற உலக எழுத்தாளர் சங்கத்தில், நாடு கடந்து வாழ்ந்த ஜெர்மன் எழுத்தாளர்களின் மையத்துக்குச் செயலாளராக இருந்தார். அதன் முன்னோடி அமைப்புக்கு ஒரு காலத்தில் செயலாளராக இருந்தவர் அந்த ருடால்ஃப் ஓல்டன்தான். உலகமெங்கும் சிதறிக் கிடந்த, பலரும் மறந்துவிட்ட எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி அச்சேற்றுவது என்று கால் நூற்றாண்டு உழைப்பு. இதற்கிடையே 1964-இல், கணித அறிஞராகப் பெயரெடுத்திருந்த ஒரே மகன் இத்தாலியின் டோலமைட் மலையேற்றத்தில் கல் விழுந்து இறந்தார். நான்கு ஆண்டு கழித்துக் கணவரும் போய்விட்டார். அப்போதும் அந்தக் கடிதங்கள் நிற்கவில்லை.

1977-இல் பெர்லின் அவரைத் திரும்பக் கண்டுகொண்டது. கேஸெபியர் மறுபதிப்பு வந்தது, விழாவுக்கு அழைத்தார்கள், எண்பது வயதைத் தாண்டிய டெர்கிட்டைப் பேட்டி கண்டார்கள். அடுத்த ஆண்டு எஃபிங்கர்ஸ் மறுபதிப்பு. அவருடைய தன்வரலாறு மட்டும் அவர் மறைந்த மறு ஆண்டுதான் வெளிவந்தது. பிறகு மறுபடியும் மௌனம். 2016-இல் கேஸெபியரும் 2019-இல் எஃபிங்கர்ஸும் ஷோஃப்லிங் பதிப்பகத்தின் புதிய பதிப்புகளாக வந்தபோதுதான் ஜெர்மன் வாசகர்கள் அள்ளிக்கொண்டார்கள். வாழ்நாளில் அச்சேறாமலே போன அவருடைய மூன்றாவது நாவலும் 2021-இல் வெளிவந்துவிட்டது.

கேஸெபியர் 2019 முதல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். முதல் ஐம்பது பக்கத்தில் பாத்திரங்கள் கூட்டமாக வந்து திணறடிக்கும். யார் எவர் என்று பிடிபடாது. பெயர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அவர்கள் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். கட்டட ஒப்பந்தம் பேசத் தொடங்கும் இடத்துக்கு வரும்போது ஒவ்வொருவரையும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வணக்கம்.