சாக்குத் துணியில் தைத்த சாட்சியம்

(திரை: ஒரு பழைய மாவுச் சாக்குத் துண்டு. கேமரா மெல்ல நெருங்குகிறது.)

இந்தத் துணியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அடித்துணி, மாவு வந்த சாக்கு. மேலே பழைய சட்டைத் துண்டுகளால் வானம், ஆண்டிஸ் மலை, மஞ்சள் சூரியன். கீழே ஒரு தெரு. தெருவில் விரல் நீளத்துக்குத் துணிப் பொம்மைகள், தலையில் கம்பளி நூல் முடி. நடுவில் பெரிய பானை, அடியில் விறகுக்குப் பதில் தீக்குச்சிகள்.

முதல் பார்வைக்குக் குழந்தைகளுக்குச் செய்து கொடுத்த படம் போலத்தான் தோன்றும். கண்ணை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வையுங்கள். ஒரு வீட்டின் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஒரு பொம்மையின் மார்பில் ஒரு சின்னச் சதுரம் தைத்திருக்கிறது. அது ஒரு முகத்தின் படம்.

சிலி நாட்டுப் பெண்கள் தைத்த துணிகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. இதற்குப் பெயர் அர்பியேரா. ஸ்பானிய மொழியில் சாக்குத் துணி என்று பொருள். ஊசி மட்டுமே பழகிய கைகள் ஒரு சர்வாதிகார ஆட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கற்றுக்கொண்டது எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

(திரை: சாண்டியாகோ நகரின் வரைபடம், ஓரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அயேந்தே அன்றே இறந்தார். ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள்.

இந்தச் சொல்லில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். காணாமல் போனவர் என்றால், தானாகப் போனவராகவும் இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தல்களில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்த தாய்மார் இந்த வேறுபாட்டை நம் மொழியில் அழுத்தமாகப் பதித்துவிட்டார்கள். சிலியின் தாய்மார் இதையே ஊசியால் செய்தார்கள்.

காவல் நிலையம், சிறை, பிணவறை என்று அலைந்த பெண்களுக்குத் திறந்திருந்த கதவு தேவாலயங்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழுவின் கதவுதான். அரசின் நெருக்கடியால் அந்தக் குழு 1975 இறுதியில் மூடப்பட்டது. சில வாரங்களில், 1976 ஜனவரியில், கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ் வேறொரு பெயரில் அதே பணியைத் தொடங்கினார்: விக்காரியா தெ லா சொலிடாரிடாட். அதன் நிழலில் தையல் பட்டறைகள் பரவின.

தொடக்கத்தில் நோக்கம் எளியது. வீட்டில் சம்பாதிப்பவர் இல்லை, வேலையும் கிடைக்காது, அடுப்பு எரிய வேண்டும். கையில் இருப்பதை வைத்து விற்கக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும். கலை, போராட்டம் என்ற பேச்சுக்கு முன்னால் பசி உட்கார்ந்திருந்தது. பெரியவர்களுக்குக் கற்பிக்க வருபவர்கள் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். வயிற்றைப் பற்றிக் கேட்காமல் படைப்பைப் பற்றி மட்டும் கேட்கும் பட்டறைக்கு மறுவாரம் யாரும் வர மாட்டார்கள்.

(திரை: கைகள் மட்டும். கத்தரிக்கோல், குண்டூசி, துணித் துண்டுகள்.)

இப்போது கைகளைப் பாருங்கள். இங்கே பென்சில் இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்களுக்கு நடந்ததை வரையுங்கள்" என்றால், "எனக்கு வரைய வராதுங்க" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். கோடு தவறினால் எல்லோருக்கும் தெரியும் என்ற அச்சம். துணியில் அந்த அச்சம் இல்லை. ஒரு வீட்டை வெட்டி வைக்கலாம். சரியில்லை என்றால் நகர்த்தலாம், திருப்பலாம், எடுத்துவிடலாம். மனம் ஒப்பிய பிறகுதான் குண்டூசி, அதன் பிறகுதான் தையல். யோசிக்க அவகாசம் தரும் கலை இது.

நகர்த்தும் அந்த நேரத்தில்தான் பாடம் நடக்கிறது. "வண்டி தெருவின் எந்தப் பக்கம் நின்றது?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், தைப்பவர் நினைவைத் துழாவிப் பதில் சொல்ல வேண்டும். சொன்னதும் இன்னொருவர், "எங்கள் தெருவிலும் அப்படித்தான்" என்கிறார். தன் வீட்டுக்கு மட்டும் வந்த கெட்ட காலம் என்று அதுவரை நினைத்திருந்தவருக்கு, இது ஊர் முழுக்கத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று புரிகிறது. இதை மேடையேறி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிலர், பிடித்துச் செல்லப்பட்ட மகனின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள். பெரும்பாலான துணிகளில் கையெழுத்து கிடையாது. பெயர் தெரிந்தால் ஆபத்து. விக்காரியா வழியாக அவை வெளிநாடுகளுக்குப் போய் விற்றன, பணம் பெண்களுக்கு வந்தது. நாட்டுக்குள் பத்திரிகை எழுத முடியாததை வெளிநாட்டு வரவேற்பறைகளின் சுவர்கள் சொல்லின.

(திரை: கறுப்பு வெள்ளையில் ஒரு வகுப்பு. சுவரில் படம் விழுகிறது, எதிரே தொழிலாளர்கள்.)

இந்த முறைக்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1963இல் பிரேசிலின் அன்ஜிகோஸ் என்ற ஊரில், ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றார் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே. அவருடைய கற்றல் வட்டங்கள் எழுத்தில் தொடங்கவில்லை, படத்தில் தொடங்கின. அத்தகைய வட்டங்களுக்காக ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் வரைந்த படங்கள் உண்டு. நிலத்தில் உழைப்பவரின் படத்தைக் காட்டி, "இதில் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். 1964 ராணுவப் புரட்சிக்குப் பின் சிறை, நாடுகடத்தல். அவர் தஞ்சம் புகுந்து சில ஆண்டுகள் முதியோர் கல்வியில் வேலை செய்தது சிலியில்.

ஃபிரெய்ரேயின் வட்டத்தில் ஓவியர் வரைந்தார், மக்கள் பேசினார்கள். சாண்டியாகோ பட்டறைகளில் பேசியவர்களே படத்தையும் செய்தார்கள். என் பார்வையில் இது மிகப் பெரிய தாவல்.

(திரை: பழுப்பு நிறமாக ஓடும் ஓர் ஆறு.)

அந்த ஊசி பிறகு பிரேசிலுக்கும் போனது. அங்கே அணைகளால் பாதிக்கப்பட்டோர் இயக்கம் என்ற அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. அதன் பெண்கள் 2013 முதல் அர்பியேரா பட்டறைகள் நடத்துகிறார்கள்.

அணை கட்டும்போது கணக்கெடுக்க வருபவர் வீட்டு ஆணிடம் பேசுவார். நிலம் எவ்வளவு, வீடு எத்தனை அறை என்று எழுதிக்கொள்வார். கொல்லையில் இருந்த மூலிகைப் பாத்தி அந்தப் பதிவேட்டில் வராது. ஆற்றங்கரையில் துணி துவைத்தபடி பேசிய அக்கம்பக்கம் வராது. துணியில் இவை வருகின்றன. தொலைந்தது என்ன என்று கேட்கும்போது பெண்கள் முதலில் வெட்டி வைப்பது இப்படிப்பட்டவற்றைத்தான். பிரேசில் அரசின் மனித உரிமைக் குழு ஒன்று 2010இல் அணைப் பகுதிகளை ஆராய்ந்து, 16 வகை உரிமைகள் தொடர்ந்து மீறப்படுவதாகவும், பெண்கள் மீது அதன் சுமை கூடுதலாக விழுவதாகவும் எழுதியது. அறிக்கையில் ஒரு வரியாக இருப்பதைத் துணி கண்முன் வைக்கிறது.

2015 நவம்பர் 5 அன்று மரியானா நகருக்கு அருகே சுரங்கக் கழிவைத் தேக்கிய ஃபுந்தாவ் அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு தோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கடலைத் தொட்டது. தோசே என்றால் இனிமை.

2023 டிசம்பரில், அணைகளால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்கென்று பிரேசிலில் ஒரு தேசியச் சட்டம் வந்தது. துணிகள்தான் கொண்டுவந்தன என்று சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுக்கும் மேலான மறியல், மனு, பேரணி அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் வாய் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண், தன் துணியைக் காட்டிப் பேசுவது எளிதாகிறது. துணியைப் பற்றித்தான் பேசுகிறார், தன்னைப் பற்றி அல்ல என்ற சின்ன இடைவெளி அவருக்குத் துணை.

(திரை: வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவே துணிக் குவியல்.)

உங்கள் ஊரில் இப்படி ஒரு பட்டறை நடத்த நினைத்தால், சாக்கும் கோணி ஊசியும் கிடைப்பது கடினமில்லை. நடத்துபவரின் வாய்தான் கடினம். என்ன தைக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். "இன்னும் கொஞ்சம் உருக்கமாக" என்று கேட்கவே கேட்காதீர்கள். ஒருவர் வெறும் மரம் ஒன்றைத் தைத்துவிட்டு மௌனமாக இருந்தால் இருக்கட்டும். மூன்றாம் வாரம் அந்த மரத்தடியில் ஒரு ஆள் வரலாம், வராமலும் போகலாம். முடிந்த துணி யாருடையது, எங்கே காட்டுவது, விற்றால் பணம் யாருக்கு என்பதை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். துயரத்தைத் தைத்தவரிடம் கேட்காமல் அதைக் கண்காட்சியில் மாட்டுவது, அவரிடமிருந்து இரண்டாம் முறை பறிப்பது.

கடைசி அரை மணி நேரத்தைப் பின்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அர்பியேராவின் முதுகில் ஒரு சின்னப் பை தைப்பது சிலியில் தொடங்கிய வழக்கம். தைத்தவர் தன் வார்த்தையில் நடந்ததை ஒரு சீட்டில் எழுதி அதற்குள் வைப்பார். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலிக்காரர் எழுதித் தருவார்.

(திரை: துணி திருப்பப்படுகிறது. பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை ஒரு கை வெளியே எடுக்கிறது.)